ஒருநாள் தாள்கள்

நான் வேலை பார்க்கும் அறையின் கதவில் ‘எபிமெரா’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் நூலகத்தில் அந்தச் சொல்லை நாக்குத் தடுக்காமல் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கண்காணிப்பாளர் ‘எபிமேரியா’ என்பார், ஏதோ காய்ச்சல் மாதிரி. புத்தகம் தைக்கும் பைண்டர் ஒரு படி மேலே போய் ‘எப்ப மாறும்’ என்று பெயரையே மாற்றிவிட்டார். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், “எப்ப மாறும் வரைக்கும் போயிட்டு வரேன்” என்பார். முதல் வருடம் நானும் சிரித்தேன். இது பதினோராவது வருடம்.

காய்ச்சல் என்றதில் தப்பில்லை. அகராதிகளை எல்லாம் புரட்டியவள் நான். கிரேக்கத்திலிருந்து வந்த சொல், ‘ஒரு நாள் அளவே உள்ளது’ என்று அர்த்தம். ஒரு காலத்தில் ஆங்கில வைத்தியர்கள் ஒரே நாளில் வந்து போகும் காய்ச்சலுக்கு அந்தப் பெயரைச் சொன்னார்கள். சிறகு முளைத்த அன்றைக்கே செத்துப்போகும் பூச்சிக்கும் அதே பெயர். பிறகு, எதெல்லாம் நீடிக்காதோ அதற்கெல்லாம். எங்களைப் போன்ற நூலகத்தார் கைக்கு வந்தபோது, தூக்கிப் போடுவதற்கென்றே அச்சடித்த தாள்கள் என்று ஆகியிருந்தது. பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ், சலவைக் கடைச் சீட்டு, வீடு வாடகைக்கு விடப்படும் என்ற துண்டுக் காகிதம். அதுவும் பன்மைச் சொல். ஒரே ஒரு டிக்கெட்டைக் காட்டி எபிமெரா என்றால் இலக்கணப் பிழை. இதைச் சொல்லி நான் யாரையும் திருத்தியதில்லை என்றால் அது பச்சைப் பொய்.

நான் சேர்ந்த புதிதில் கண்காணிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. “வாசல்ல ஒரு பெட்டி வைக்கலாம்மா. ஜனங்க பழைய டிக்கெட், நோட்டீஸ் எல்லாம் அதுல போடட்டும். தமிழ்ல என்னன்னு எழுதுறது?”

‘நிலையாதன’ என்று எழுதினால் சுடுகாட்டு வாசல் மாதிரி இருந்தது. ‘அற்பாயுசு’ என்றால் பெட்டிப் பக்கம் ஒருத்தர் வரமாட்டார். இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, ‘ஒருநாள் தாள்களை இதில் போடவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அந்த மொழிபெயர்ப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பெட்டி நிரம்பியதும் சணலால் கட்டி, எண் போட்டு, நூலக முத்திரை குத்தி, பின்னறையில் அடுக்கிவிடுவேன். பிரித்து வகைப்படுத்த வேண்டும் என்றால் பழைய பெட்டிகள் முடிந்த பிறகுதான். பழைய பெட்டிகள் இந்த ஜென்மத்தில் முடியாது.

இத்தனை சொன்னவள் இதையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருநாள் சரக்குதான். என் வேலை நாள்சீட்டு வேலை. தினமும் காலையில் வாசலில் வாட்ச்மேன் அண்ணன் ஒரு மஞ்சள் சீட்டுத் தருவார். அதில் பெயர், தேதி, ‘பின்கட்டுப் பணி’, கீழே ‘ஒரு நாளைக்கு மட்டும்’. சாயங்காலம் கண்காணிப்பாளர் அதில் கையெழுத்துப் போடுவார். போகும்போது வாசலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாள்சீட்டுக்காரர்களுக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. வந்தால் வந்தோம், வராவிட்டால் வரவில்லை. ஒரு நாள் வராமல் போனால் மறுநாள் சீட்டு எழுதுவது கண்காணிப்பாளரின் மனசு. நீட்டி முழக்கினால் அழுதுவிடுவேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் நான் வேலைக்கு வந்தேன். “சாயங்காலம் வந்துடறேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். எங்கள் போன்களை வாசல் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். எட்டாம் நாள் ஐந்து மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் போனை எடுத்து நீட்டி, “பதினாறு தடவை அடிச்சுது தங்கச்சி, வாசலை விட்டு நான் நகரக்கூடாதே” என்றார். அம்மா காலை பதினொரு மணிக்கே போய்விட்டாள். அந்த நேரத்தில் நான் பஸ் டிக்கெட்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு அறிவிப்பு வந்தது. பத்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்த நாள்சீட்டுக்காரர்களை நிரந்தரமாக்குவார்களாம். வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. வேலை பார்த்ததற்கு அலுவலகக் கையெழுத்தும் முத்திரையுமாக ஆதாரம் வேண்டும். விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி. அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் சாகிற வரைக்கும் மஞ்சள் சீட்டுதான்.

கண்காணிப்பாளரிடம் சான்று கேட்டுப் போய் நின்றேன்.

“என் பேனாவால அதை எழுத முடியாதும்மா” என்றார். “நாள்சீட்டுல மூணு மாசத்துக்கு மேல ஒருத்தரை வைக்கக்கூடாதுன்னு ரூல். பதினோரு வருஷம்னு எழுதிக் குடுத்தா, ஏன்டா வச்சிருந்தேன்னு என்னைக் கேப்பாங்க.”

“நான் வந்தேனா இல்லையா சார்?”

“வந்தீங்க. யாரு இல்லேன்னா? ஆனா காயிதம் இல்லையே. சீட்டெல்லாம் அன்னன்னைக்கே கிழிச்சுப் போடுறதுதானே.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த மனுஷரிடம் மாட்டிக்கொண்டால் கெட்டவரே தேவலை என்று தோன்றிவிடும்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், பின்னறையில் சணல் அறுந்து கிடந்த ஒரு வாசல் பெட்டியைக் காலால் தள்ளினேன். மூடி கழன்று, டிக்கெட்டுக்கும் நோட்டீசுக்கும் நடுவே மஞ்சளாக எட்டிப் பார்த்தது. என் பெயர். அவர் கையெழுத்து. அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன் நிதானமாகச் சொன்னார். “சீட்டுல ஒரு நாளைக்கு மட்டும்னு போட்டிருக்கு. பெட்டியில ஒருநாள் தாளை இதுல போடவும்னு போட்டிருக்கு. வேற எங்க போடுறது?”

“கிழிச்சுப் போடணும்னு சொல்லலையா அண்ணே?”

“சொன்னாங்க. பெட்டி வந்த பொறவு யாரும் சொல்லலை.”

அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் மாடிப்படி ஏறும் வரைக்கும்தான். பெட்டிக்கு எண் போட்டாயிற்று, முத்திரை குத்தியாயிற்று, என் கையாலேயே. எண் போட்ட சரக்கு நூலகச் சொத்து. அதில் ஒரு துணுக்கு வெளியே போனாலும் திருட்டுக் கேஸ். வாசகர் கேட்டால் மட்டும் முத்திரையோடு நகல் தரலாம். ஊழியர் வாசகராகப் பதிய முடியாது. என் சீட்டுகள் நிரந்தரமாகிவிட்டன, நான்தான் ஆகவில்லை.

மறுபடி கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றேன். “அப்ப நான் கேட்டா நகல் தரமாட்டீங்களா சார்?”

“ஸ்டாஃபுக்குக் கிடையாதும்மா.”

“நான் ஸ்டாஃபா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க எங்க ஸ்டாஃப்? நாள்சீட்டுதானே.”

“அப்ப வாசகரா வரலாம்.”

“ரூல்ல இடமிருந்தா வாங்க” என்றார், நான் வரமாட்டேன் என்ற தைரியத்தில். வாசகராக வந்தால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். மறுநாள் சீட்டு நிச்சயமில்லை.

வாசகர் பதிவு அட்டை கைக்கு வரவே நாள் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைதான் போக முடிந்தது. வாட்ச்மேன் அண்ணன் மஞ்சள் சீட்டை எடுத்தார். வேண்டாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெள்ளைச் சீட்டு எழுதினார். வாசகர் அனுமதி, ஒரு நாளைக்கு மட்டும்.

பதினோரு வருடத்தில் வாசிப்புக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். பின்கட்டில் எனக்கு ஒரு டியூப்லைட், அதுவும் கண் சிமிட்டும். கோரிக்கைத் தாளில் பெட்டி எண்களை மனப்பாடமாக எழுதினேன். அதில் பெயர் எழுத இடமில்லை, வாசகர் எண் மட்டும்தான். கவுண்டரில் இருந்த புதுப்பெண் அதை வாங்கி உள்ளே அனுப்பினாள்.

பத்து மணிக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. எழுந்து போய்க் கேட்டால், “சார் டேபிள்ல இருக்கு மேடம்” என்றாள். மேடமாம். சாப்பிட வெளியே போனால் அனுமதி முடிந்துவிடும், அதனால் சாப்பிடவும் இல்லை. எதிரில் ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். கடிகாரம் எனக்கு நேர் மேலே இருந்தது. பார்க்காமல் இருந்தாலும் அதன் சத்தம் கேட்டது.

நாலு மணிக்குத் தாள் திரும்பி வந்தது. கீழே, நான் தினமும் பார்க்கும் அதே சாய்ந்த கையெழுத்து.

‘பெட்டிகளை எடுத்துத்தர இயலவில்லை. பதினோரு ஆண்டுகளாக இப்பிரிவைக் கவனித்துவரும் ஊழியர் இன்று விடுப்பு. வேறு நாளில் வரவும்.’

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. குறட்டைக்காரர் விழித்துக்கொண்டார். கேட்டவளும் நான், எடுத்துத்தர வேண்டியவளும் நான். எழுந்து பின்கட்டுக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் பெட்டியை எடுப்பேன், ஆனால் வாசகர் அங்கே போகக் கூடாது. ஊழியராகப் போனால் நகல் கேட்கக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் நானே முத்திரை குத்தி மூடிய கதவு. சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தேன். சொற்களை இரண்டு தடவை படிப்பது என் தொழில் புத்தி.

பதினோரு ஆண்டுகளாக. ஊழியர். விடுப்பு.

கோபக்கார வாசகர் யாராவது மேலிடத்துக்கு எழுதிவிடக்கூடாதே என்று, கேட்டது நானாக இருக்கும் என்று நினைத்தே பார்க்காமல், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். அவர் பேனா. கீழே அலுவலக முத்திரை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்காகக்கூடக் கிடைக்காத விடுப்பு.

மணி நாலே கால். விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. தாளை மடித்து விண்ணப்பத்துக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கேதான் கால் நின்றது. வாசகர் வெளியே போகும்போது அனுமதிச் சீட்டு, கோரிக்கைத் தாள் இரண்டையும் வாசலில் கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் பதினாறு தடவை போன் அடித்தும் வாசலை விட்டு நகராத மனுஷர். ரூல் என்றால் ரூல்.

வெள்ளைச் சீட்டைக் கொடுத்தேன். அதைப் பெட்டியில் போட்டார். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

“இன்னொண்ணு இருக்குமே தங்கச்சி.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார். உள்ளே கண்காணிப்பாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“இதுல எங்கயும் ‘ஒரு நாளைக்கு மட்டும்’னு போடலையே” என்றார்.

“இல்லண்ணே.”

“அப்ப இது பெட்டிக்கு வராது. வச்சுக்க.”

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தாளை என் கையில் வைத்துவிட்டு, போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவரே கேட்டைத் திறந்துவிட்டார். அந்த ஒரு தாள் போதுமா, திங்கட்கிழமை எனக்குச் சீட்டு உண்டா, எதுவும் தெரியாது. ஓடினேன். அம்மா போன அன்றைக்கு ஓடியிருக்க வேண்டிய ஓட்டம் அது.