பேச்சை முழுங்கும் பெட்டி

ஆடியோ கடைக்குள் நுழைந்ததுமே கடைத்தம்பி எங்களை விலை கூடிய பக்கமாகத்தான் கூட்டிக்கொண்டு போனான். நான் நேராக எதிர்ப்பக்கம் நடந்தேன். துணி ஆலையில் தறி ஓடும் கூடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான், இப்போது சூப்பர்வைசர். பளபளப்பைக் காட்டி மட்டமான நூலைத் தலையில் கட்டப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரர் அப்படியில்லை. யாராவது நாலு வார்த்தை சிரித்துப் பேசினால் போதும், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார். அதனால்தான், "கடையில நீங்க வாயைத் திறக்கக் கூடாது, நான் பாத்துக்கறேன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிவந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது கல்யாணமான புதிதிலிருந்து எங்கள் வழக்கம். கொஞ்ச காலமாக அது கெட்டுக் கிடக்கிறது. எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் இடி, கார், சண்டை எல்லாம் திம்திம்மென்று கேட்கும். பேச்சு மட்டும் கொழகொழவென்று வரும். நடிகன் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டால் ஒரு சொல் விளங்காது. "என்ன சொன்னான்?" என்று நான் கேட்பதும், அவர் படத்தை நிறுத்தி எனக்குச் சொல்வதுமாக எத்தனை நாள் ஓட்டுவது? போன வாரம் பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் தனியாகப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார். எனக்கு அந்த மத்தியானங்கள் திரும்ப வேண்டும். பெட்டி பழசாகிப் பேச்சை முழுங்குகிறது, மாற்றிவிடலாம் என்றேன். உடனே சரி என்றார். ஒரு பேனா வாங்கக்கூட என்னோடு வாதாடுகிற மனுஷன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தம்பி இரண்டு கனமான பெட்டிகளைத் தடவிக் காட்டினான். "இது ப்ரீ-ஆம்ப் மேடம். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகணும்னு பிரிச்சு அனுப்பறது இதுதான். இது பவர் ஆம்ப், அந்தச் சத்தத்துக்கு பலம் குடுக்கறது. தனித்தனியா வாங்கினா அந்தத் தரமே வேற."

"எங்க ஹால் உங்க கடையில ஒரு மூலைக்குக் காணாது தம்பி. இவ்வளவு பலத்தை வெச்சு என்ன பண்றது, சுவரை இடிக்கவா?"

அவனே சிரித்துவிட்டான். இரண்டு வேலையையும் ஒரே பெட்டி பார்க்கிற ரிசீவர் எங்களுக்குத் தாராளம் என்று ஒத்துக்கொண்டான். சூடாகுமா, ரிப்பேர் என்றால் யார் வருவார்கள், பழைய ஸ்பீக்கர்களே போதுமா என்றெல்லாம் குடைந்து, மூன்றைப் பொறுக்கினேன். போட்டுக் காட்டுவதற்கென்றே இருந்த கண்ணாடி அறைக்குள் எங்களை உட்காரவைத்து, ஒரே காட்சியை மூன்றிலும் மாற்றி மாற்றி ஓடவிட்டான்.

"மூணுமே முழுங்குது" என்றேன்.

தம்பி குழப்பமாக என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர், "ஒரு நிமிஷம் வாங்க" என்று அவனை வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கண்ணாடியைத் தாண்டி ஒரு பொட்டுச் சத்தம் வராதுதான். ஆனால் தறி இரைச்சலில் எங்கள் கூடத்தில் யார் காதால் கேட்டார்கள்? அந்தக் கோடியில் நிற்கிறவளின் உதட்டைப் பார்த்தே அவள் மாமியார் சண்டை முழுவதையும் தெரிந்துகொள்வோம். இது அவருக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது, முகம் எனக்கு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டு சொன்னார்.

"பெட்டிமேல குத்தமில்ல தம்பி. அவளுக்குக் காது மந்தமாயிட்டே வருது. மனசு விட்டுடுவா, சொல்லிடாதீங்க. பேச்சு மட்டும் தூக்கலா கேக்கற மாதிரி எதையாவது காட்டுங்க. அவளே பாத்து எடுத்ததா இருக்கட்டும்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்குக் காது மந்தம்? எழுந்தே விட்டேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரொம்ப நாளாகவே அவர் எதைச் சொல்வதென்றாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, என் முன்னால் வந்து நின்றுதான் சொல்கிறார். உப்பு எங்கே என்று கேட்கக்கூட அடுக்களையிலிருந்து ஹாலுக்கு வருவார். வயசாக ஆக மனுஷனுக்குப் பெண்டாட்டிமேல் ஆசை கூடிவிட்டது என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். ஆசை இல்லை என்று இப்போது சொல்லிவிட முடியுமா? பயமாகவும் இருந்தது. காது கேட்கவில்லை என்பதைவிட, அது எனக்கே தெரியாமல் போனதுதான் பயமாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் பழையபடி உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, எனக்குக் காது குறையுது. பேச்சை மட்டும் தனியா ஏத்தற வசதி இதுல எதுல இருக்கு?"

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார்.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

தம்பி என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மூணுலயும் இருக்கு மேடம். பேச்சு நடு ஸ்பீக்கர்லதான் வரும். அதை மட்டும் தனியா கூட்டிக்கலாம்" என்றான்.

"அப்போ இருக்கறதுலயே விலை கம்மியானதைப் போடு. காதுக்கு டாக்டர் இருக்காங்க, நாளைக்கே அவங்களைப் பாக்கறேன். அதுக்கும் சேர்த்து இதுமேல எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?"

படம் மறுபடி ஓடியது. ஒரு பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் உதட்டைப் பார்த்தால் தெரிந்துபோகும். அது திருட்டு என்று இப்போது பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏத்து" என்று விரலைத் தூக்கினேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. "இன்னும் ஏத்து." சொல்லின் நடுப்பாகம் வந்தது, ஓரங்கள் உதிர்ந்திருந்தன. இன்னொரு படி. 'கதவை' என்று ஒரு சொல் முழுசாக வந்து விழுந்தது. விரலை இறக்கினேன்.

பக்கத்தில் அவர் ஏதோ சொன்னது முணுமுணுப்பாகக் கேட்டது. சோபா லேசாக எழும்பியது. வழக்கம்போல என் முன்னால் வந்து நிற்கத்தான் எழுந்திருக்கிறார். கை நீட்டி, சட்டையோ விரலோ அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காந்தே சொல்லுங்க" என்றேன், கண்ணைத் திறக்காமல்.