லைன் பதினேழு

அந்தப் பட்டியலை நான் திருடவில்லை. போனிதான் தன் கையால் கொடுத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் இன்றைக்கும் சிலர் நான் திருடியதாகப் பேசிக்கொள்கிறார்கள். திருடியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

நானும் போனி ஸ்லாட்டரியும் கார்டினல் ஏர்வேஸில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த விமானப் பணிப்பெண்கள். பயிற்சி விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பதினோரு வருடம் ஒன்றாகப் பறந்தோம். அப்புறம் கார்டினல் ஆட்டம் காண ஆரம்பித்தது. நான் போட்டிக் கம்பெனியான லாரலுக்குத் தாவினேன். எங்கள் தொழிலில் கம்பெனி மாறினால் பழைய வருடங்கள் கணக்கில் வராது. நேற்றுச் சேர்ந்த சின்னப் பெண்ணுக்கும் கீழே போய் நிற்க வேண்டும். நின்றேன். போனியையும் வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"முழுகப் போற கப்பல்ல உக்காந்து என்னடி பண்ணப் போற?"

"முழுகுனா நீந்தி வந்துடறேன். நீ கரையில துண்டை வச்சுக்கிட்டு நில்லு, போதும்" என்று சிரித்தாள்.

அந்தக் கடைசிப் படியிலிருந்து பதினாறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை அட்டவணைகளை ஒட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் லைன் என்று பெயர், ஒரு நம்பர். அந்த மாதம் எந்தெந்த நாள் எந்தெந்த விமானம் என்பது அதில் இருக்கும். வேண்டிய லைனை எழுதிப் போடுவோம். முன்னால் சேர்ந்தவருக்கு முதலில், பின்னால் சேர்ந்தவருக்கு மிச்சம். வயது, திறமை, கஷ்டம் எதுவும் கணக்கில்லை. சேர்ந்த தேதி மட்டும்தான்.

லைன் பதினேழு என்னுடையது. காலையில் பாஸ்டன் போய்த் திரும்பி, மத்தியானம் ஃபிலடெல்ஃபியா போய்த் திரும்பி, ஐந்து நாற்பதுக்கு வீட்டு வாசலில் கார். சனி, ஞாயிறு விடுமுறை. வெளியூரில் ஒரு ராத்திரி கூடத் தங்க வேண்டாம்.

அது எனக்கு வசதி இல்லை, உயிர். என் மகன் டென்னிக்கு இருபத்து நான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். காலையில் கடையில் சாமான்களைப் பைகளில் அடுக்கிக் கொடுக்கும் வேலை. மூன்று மணிக்கு வந்துவிடுவான். பக்கத்து வீட்டு யூரிக் அம்மாள் ஆறு மணி வரை கூட இருப்பார், அதற்கு மேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். டென்னியின் அப்பா ஓஹையோவில் வேறொரு குடும்பத்துக்கு அப்பா. லாரலில் நான் கடைசிப் படியில் இருந்த காலத்தில், வாரம் நான்கு ராத்திரி வெளியூர் என்று ஆனபோது, டென்னியை அரசாங்க விடுதியில் ஒன்றரை வருடம் விட்டிருந்தேன். அங்கே அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். லைன் பதினேழு கைக்கு வந்த மாதம்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் முதலில் சொன்ன வார்த்தை 'அம்மா' இல்லை. 'போனி.'

அதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. விடுதியில் இருந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் அவனைப் போய்ப் பார்த்தவள் அவள். வீட்டுக்கு வந்த பிறகும் சனிக்கிழமை நான்கு மணிக்கு அவள் கார் வந்து நிற்கும். இரண்டு பேரும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப் போவார்கள். போனிக்குக் குழந்தை கிடையாது. எந்த விமானமாக இருந்தாலும் வெள்ளி ராத்திரிக்குள் ஊர் திரும்புகிற மாதிரிதான் லைன் எழுதுவாள்.

நான் லாரலுக்கு வந்த பதினாறாவது வருடம் கார்டினல் திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் லாரல் அதை வாங்கி இரண்டையும் ஒன்றாக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஊழியர் ஓய்வறையில் காபி ஆறிப்போய்க் கிடந்தது, வாய்கள் ஆறவில்லை.

"கார்டினல்காரங்க வந்தா அவங்க லேட்டாப் பறக்கற பழக்கமும் கூடவே வரும். இனிமே எல்லாரும் குடும்பத்தோட லேட்டாப் போகலாம்" என்றார் ஒரு பைலட்.

"சொந்தக் கம்பெனியைத் தின்னு ஏப்பம் விட்டாச்சு, இப்ப நம்ம தட்டுல கை வைக்க வர்றாங்களாக்கும்" என்றாள் ரோண்டா. எனக்கு அடுத்தபடியில் இருப்பவள்.

எனக்கு ஒரே கேள்விதான். அவர்களுடைய பட்டியலையும் எங்களுடையதையும் சேர்ந்த தேதிப்படி கலந்தால், எனக்கு மேலே எத்தனை பேர் வந்து உட்காருவார்கள்?

பதில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை வந்தது. சர்ச் கூடத்தில் மீன் வறுவல். டென்னி தட்டு நிறைய உருளைக்கிழங்கு அடைத்த பியரோகி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனி கார்டினல் சீருடையோடு நேராக வந்து, அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்று, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, மடித்த காகிதக் கட்டு ஒன்றை என் முன்னால் விரித்தாள். கார்டினலின் பிட்ஸ்பர்க் பணிப்பெண்கள் பட்டியல், சேர்ந்த தேதி வரிசையில்.

"இங்க பாரேன். இது நான். இங்க நீ இருந்திருப்ப" என்று தன் பெயருக்குக் கீழே விரல் வைத்தாள். அந்த இடுக்கில் பேனாவால் 'மார்லீன்' என்று எழுதி வைத்திருந்தாள். "மறுபடி ஒரே விமானத்துல பறக்கப் போறோம்டி! நீ முன்னாடி, நான் பின்னாடி. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, தள்ளுவண்டியை நீதான் தள்ளணும்."

"இதை நான் வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்கோ. ஃபிரேம் போட்டு மாட்டு."

மறுநாள் டென்னியும் அவளும் பௌலிங் போயிருந்த நேரத்தில், சமையலறை மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். என் லாரல் தேதிக்கு முன்னால் சேர்ந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு. இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள். மறுபடி எண்ணினேன். அதே இருநூற்றுப் பன்னிரண்டு. லைன் பதினேழு போன்ற பகல் லைன்கள் மொத்தமே ஒன்பதுதான். டென்னி விடுதியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நின்றது.

அதோடு இன்னொன்றும் இருந்தது, மறைத்து என்ன ஆகப் போகிறது. எனக்கு வயிறு எரிந்தது. அதே பதினோரு வருடத்தை நான் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இப்போது என் வீட்டுக்குள் எனக்கு மேலே வந்து நிற்கப் போகிறாள். என்ன நியாயம் இது?

லாரல் நிர்வாகம் எங்கள் சங்கத்தின் சம்மதத்தைக் கேட்டிருந்தது. சேர்ந்த தேதிப்படி கலக்க ஒப்புக்கொண்டால் இணைப்பு நடக்கும். கார்டினல் ஆட்களைக் கடைசியில் தள்ளினால் அவர்களுடைய சங்கம் சம்மதிக்காது, நிர்வாகம் பின்வாங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் கார்ல் ப்ரூயிட் நிதானமான மனிதர்.

"அவசரப்படாதீங்க. யாரோட வேலையும் உடனே போயிடாது. லைனுங்க எப்படி அமையும்னு பாக்க எனக்குப் பத்து நாள் குடுங்க" என்றார்.

"பத்து நாள்ல எங்க பேரை அழிச்சு முடிச்சிருப்பாங்க சார்!" என்று கத்தினாள் ரோண்டா.

நான் எழுந்தேன். பேச வேண்டும் என்று நினைத்து வந்தவள்தான். பட்டியலை உயர்த்திப் பிடித்தேன், சிவப்புக் கோடுகள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"நான் ரெண்டு கம்பெனியிலயும் இருந்தவ. அங்க பதினோரு வருஷத்தை விட்டுட்டு வந்தேன், யாரும் எனக்குத் திருப்பித் தரல. விட்டுட்டு வராதவங்களுக்கு மட்டும் எதுக்குத் தரணும்? என் தலைக்கு மேல இருநூத்திப் பன்னிரண்டு பேரு. எண்ணிட்டேன். நீங்களும் எண்ணிப் பாருங்க."

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. அவ்வளவு கைதட்டல் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் பேசியதைத் தட்டச்சு செய்து எல்லா ஊர் ஓய்வறைகளிலும் ஒட்டினார்கள். 'மார்லீன் ஹூடாக், பிட்ஸ்பர்க்' என்று பெயரோடு.

போனியிடம் நான் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள், டென்னியைக் கூட்டிக்கொண்டு போனாள், கொண்டுவந்து விட்டாள். உள்ளே மட்டும் வரவில்லை.

எங்கள் ஊழியர்கள் ஓட்டுப் போட்டு ஒப்பந்தத்தைத் தோற்கடித்தார்கள். நிர்வாகம் பின்வாங்கியது. கார்டினலை வேறு யாரும் வாங்க வரவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாஸ்டனிலிருந்து வந்து இறங்கினேன். எதிர் வரிசையில் கார்டினல் கவுன்டர்களின் பலகைகளை ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பணிப்பெண்கள் சீருடையோடு தரையில் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்குப் போக விமானம் இல்லாமல். ஒருத்தி என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தாள். வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஃபிலடெல்ஃபியா விமானத்துக்கு நடந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போனி வந்தாள். கையில் டென்னியின் பௌலிங் காலணிப் பை. அவள் காரிலேயே எப்போதும் கிடக்கும்.

"ஃபீனிக்ஸ்ல ஒரு கம்பெனியில எடுத்துக்கறாங்க. அக்கா வீடும் அங்கதான் இருக்கு. நாளைக்குக் கிளம்பறேன்."

"எந்தப் படியில போடறாங்க?"

"கடைசியில. ஐம்பத்தோரு வயசுல. கூட வர்றதுங்க எல்லாம் பல்லுக்குக் கம்பி போட்டிருக்குதுங்க." அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அந்த லிஸ்டை எடுத்துட்டு வா."

"போனி, நான்..."

"எடுத்துட்டு வாடி."

கொண்டுவந்தேன். அவள் என் சிவப்புக் கோடுகளைப் பார்க்கவே இல்லை. காகிதத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"படி."

சேர்ந்த தேதிக்கு அடுத்த பத்தியில் ஒவ்வொருவரும் குடியிருக்கும் ஊர் இருந்தது. டாம்பா. பஃபலோ. டாம்பா. நாஷ்வில். ஓர்லாண்டோ. க்ளீவ்லண்ட். டாம்பா.

"எங்க ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேரு இந்த ஊர்லயே இல்ல மார்லீன். காலி சீட்ல தொத்திக்கிட்டு வந்து, நாலு நாள் சேர்ந்தாப்புல பறந்துட்டு, வீட்டுக்கு ஓடிப் போயிடுவாங்க. தினமும் சாயங்காலம் பிட்ஸ்பர்க்ல கொண்டுவந்து விடற லைனை அவங்கள்ல எவளாவது எழுதிப் போடுவாளா? போட்டுட்டு எங்க போய்ப் படுப்பா? மீதியில பகல் லைன் வேணும்னு கேக்கறவ நாலு பேரு. எனக்கு ஒவ்வொருத்தியையும் தெரியும். லைன் ஒன்பது இருந்துச்சே, உனக்கு ஒண்ணு கிடைச்சிருக்காதா?"

இருபத்தேழு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். யார் எந்த லைனை எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காகிதத்தைக் கையில் எடுத்தால் எங்கள் கண் போவது தேதிப் பத்திக்குத்தான். மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர். அடுத்த பத்தியை நான் பார்க்கவே இல்லை.

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீ ஏன்டி கேக்கல?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "வாரா வாரம் உன் வாசலுக்கு வந்தேனே. டென்னிக்கு அந்த லைன் என்னன்னு எனக்குத் தெரியாதா? உன் பேச்சை எங்க ரூம்ல கொண்டுவந்து குடுத்தாங்க. என் லிஸ்டைத் தூக்கிக் காட்டுனியாமே."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே சின்னதாகத் தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள், ஏற்றுக்கொண்டாளா இல்லையா தெரியவில்லை.

"துண்டை வச்சுக்கிட்டு நிக்கச் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே போய் டென்னியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அடுத்த மாத லைன்களை ஒட்டினார்கள். பதினேழு எனக்குத்தான். கார்ல் ப்ரூயிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களைத் தவிர ஒருத்தரும் அதை எழுதலம்மா. ரோண்டாகூட எழுதல. அதுல பறக்கற நேரம் கம்மி, அதனால சம்பளமும் கம்மி, விடியக்காலையில எழுந்து தூக்கம் வேற போயிடும்னு யாருக்கும் பிடிக்கறதில்ல. அதைச் சொல்றதுக்குத்தான் பத்து நாள் கேட்டேன்."

ஐந்து நாற்பதுக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. டென்னி சாப்பிடுகிறான், பேசுகிறான். எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமைகளில் மட்டும் மூன்றரைக்கே காலணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறான். போனி ஆன்ட்டி ஃபீனிக்ஸில் இருக்கிறாள், சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை கிடைக்காது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். போன வாரம் நானே கோட்டை மாட்டிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"வாடா, அம்மா கூட்டிட்டுப் போறேன்."

அவன் என்னை அன்பாகத்தான் பார்த்தான். என் கையைப் பிடித்து, தெரு தெரிகிற மாதிரி லேசாக ஓரத்துக்கு நகர்த்தினான்.

"நீ மறைக்காதம்மா" என்றான். "போனி ஆன்ட்டி கார் தெரியாது."