துடுப்பு எழுதிய பதினொரு பத்திகள்

ஒன்பது வருடம் காக்க வைத்துவிட்டு 'உப்பரசு' நாவலின் ஐந்தாம் பாகம் வெளிவந்தது. வந்த மூன்றாவது வாரம் பதிப்பாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைமேல் கிடந்த காகிதக் கட்டைக் காட்டினார். எண்ணூறு பக்கப் புத்தகத்துக்கு வந்திருந்த வாசகர் கருத்துகள். கட்டும் ஏறக்குறைய புத்தகத்தின் தடிமனே இருந்தது.

"எல்லாத்தையும் படிங்க. எது நியாயம், எது வெறும் வயித்தெரிச்சல்னு ரெண்டாப் பிரிங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே உங்க அபிப்பிராயம் ஒரு வரி. வெள்ளிக்கிழமை எழுத்தாளர் சார் வீட்டுக்குப் போறோம்."

"நானா?"

"அஞ்சு பாகத்தையும் வரி விடாம படிச்ச ஆள் இந்த ஆபீஸ்ல வேற யாரு இருக்கா? நானே ரெண்டாம் பாகத்துல பாதியோட நிக்கிறேன். வெளியில சொல்லிடாதீங்க." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாம் அச்சுல திருத்தணுமா, ஆறாம் பாகம் எழுதலாமா வேண்டாமான்னு சார் இதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாராம். மனுஷன் ஆடிப்போயிருக்கார். துடுப்புன்னு ஒருத்தன் பதினொரு பத்தி எழுதியிருக்கான் பாருங்க, அதை மட்டும் மேலேயே வைங்க. சார் வாய் திறந்தா அதைப் பத்தித்தான்."

அவள் கட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். அந்தத் துடுப்பு அவள்தான்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவது வேலை. ஓர் எழுத்தில் கொம்பு விட்டுப்போயிருந்தால் நாலு மேசை தள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் ஆபீசில் அவளுக்குக் கொம்பக்கா என்று பெயர். கோபம் வரும்போது அதையே திருப்பி, "அக்காவுக்குக் கொம்பு முளைச்சாச்சு" என்பார்கள்.

'உப்பரசு' அவளுக்கு வேலை மட்டுமல்ல. முதல் பாகத்தின் மெய்ப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு தடவை படித்தவள் அவள். உப்பளங்களுக்காக ஏழு குலங்கள் அடித்துக்கொள்ளும் கதை. அதில் ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரி ஒருத்தி உண்டு. எந்தக் குலத்தையும் சேராதவள். எல்லாருடைய ரகசியமும் தெரிந்தவள். அரசர்கள் எல்லாரையும்விட வாசகர்களுக்கு அவளைத்தான் பிடித்துப்போயிற்று. அவளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப் பேர் ஒன்பது வருடம் காத்திருந்தார்கள்.

ஐந்தாம் பாகத்தின் மெய்ப்பு வந்தபோது அவள் பசி தூக்கம் மறந்து படித்தாள். நூறு பக்கம் தாண்டியதும் மனசு கனத்தது. ஓடக்காரிக்கு மூன்றாம் பாகத்திலேயே இடது கை வெட்டுப்பட்டுப் போய்விட்டது. இங்கே நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு கையாலும் கயிற்றை முடிச்சுப் போடுகிறாள். ஆறு நாள் நடைதூரத்தைப் படை ஒரே ராத்திரியில் கடக்கிறது. நாலு பாகமாக வளர்ந்து வந்த ஓடக்காரி, எங்கிருந்தோ வந்த தூதன் சொல்லும் ஒற்றை வரியில் செத்துப்போகிறாள். கடைசி நூறு பக்கத்தில் அரசன் முதல் சமையல்காரன் வரை எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்.

ஓரத்தில் பென்சிலால் அறுபத்து மூன்று குறிப்புகள் எழுதினாள். பணிவாகத்தான் எழுதினாள். 'கவனிக்கவும்', 'சரிபார்க்க முடியுமா?' என்றுதான் ஒவ்வொன்றும் முடிந்தது.

பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களை எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னா கதைப்பிழை பார்த்து வச்சிருக்கீங்களே" என்றார். ஆனாலும் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து எழுத்தாளருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் போனில் பதில் வந்தது. அதைப் பதிப்பாளர் ஆபீசுக்கே கேட்கும்படி சொன்னார்: "மந்திரம் நடக்கிற உலகத்துல ஒரு கை முளைக்கக் கூடாதான்னு கேட்கிறார். கொம்பு விட்டுப்போச்சுன்னா சொல்லச் சொல்லுங்க, அதோட நிறுத்திக்கச் சொல்லுங்கங்கிறார்." ஆபீசே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். ரப்பரை எடுத்து அறுபத்து மூன்றையும் அவளே அழிக்க வேண்டியிருந்தது.

புத்தகம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வாசகர் குழுவின் பக்கத்தில் துடுப்பு என்ற பெயரில் பதினொரு பத்தி எழுதினாள். எதிரே சாப்பாட்டு மேசையில் கணவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எழுதி முடித்ததும் அவரிடம் போனை நீட்டினாள்.

மெதுவாகப் படித்தார். "நான் ஊரையே ஏத்தி இறக்கறேன். நீ ஒரே ஆளைப் பிடிச்சு இறக்கிட்டே இருக்கியே" என்றார். பிறகு கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "இந்தக் கடைசி நூறு பக்கம் இவர் கை எழுதினது இல்ல, ஆள் வச்சு எழுதி வாங்கியிருக்கார்னு போட்டிருக்கியே. இது தெரிஞ்சு சொல்றியா, கோவத்துல சொல்றியா?"

"படிச்சாலே தெரியுது."

"தெரியுதுன்னா சரி." அவர் மிக்ஸிக்குத் திரும்பினார்.

தெரியாது. சிரித்த ஆபீஸ்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அனுப்பிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள். மற்றப் பத்துப் பத்திகளை விட்டுவிட்டு, 'ஆள் வைத்து எழுதினாரா?' என்பதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தக் கட்டு அவள் மேசையில். நாலு நாள் உட்கார்ந்து பிரித்தாள். ஒருவர் 'சே' என்று ஓர் எழுத்து மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவர் எழுத்தாளரின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தார். இரண்டும் வயிற்றெரிச்சல். பள்ளி ஆசிரியர் ஒருவர் நாற்பது எழுத்துப்பிழை என்று பட்டியல் போட்டிருந்தார். அதில் முப்பத்தெட்டு பிழையே இல்லை. மீதி இரண்டு மெய்யாகவே பிழை. முகம் சுண்டிப்போய் அதை நியாயத்தில் வைத்தாள். ஓடக்காரியை இப்படிக் கொன்றது துரோகம் என்று அழுதவர்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல். 'என் அப்பா நாலு பாகமும் படித்தவர். ஐந்தாவதுக்குக் காத்திருந்து காத்திருந்து போய்ச் சேர்ந்தார். இதைப் படிக்காமல் போனதே நல்லது என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது' என்று ஒரு மகன் எழுதியிருந்தான். அதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் தனியாக வைத்தாள்.

கடைசியில் தன்னுடையதை எடுத்தாள். யாரோ எழுதியது போலப் படித்துப் பார்த்தாள். கீழே இப்படி எழுதினாள்: 'முதல் பத்துப் பத்திகள் நியாயம். பதினொன்றாவதற்கு ஆதாரம் இல்லை.' அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை எழுத்தாளர் வீட்டுக் கதவை அவர் மனைவி திறந்தார். நல்ல உயரம். தலைமுடி விரல் நீளத்துக்குத்தான் வளர்ந்திருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. "வாங்க, உள்ளதான் இருக்கார், காலைலேருந்து ரெண்டு தடவை சட்டை மாத்திட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது அவளுக்குத் தெரியாது. ஆபீசில் யாருக்கும் தெரியாது போலிருந்தது.

எழுத்தாளர் பிரித்து வைத்த கட்டுகளைத் தொடவே இல்லை. அவர் கையில் துடுப்பின் பதினொரு பத்தியும் மடிப்பு நைந்துபோய் இருந்தன.

"மத்தவங்க எல்லாம் கத்தறாங்க. இவன் ஒருத்தன்தான் படிச்சிருக்கான்" என்றார். "பாருங்க, மூணாம் பாகத்துல ஓடக்காரி சொன்ன ஒரு வார்த்தைய எடுத்து, அவ சாவுக்குப் பக்கத்துல வச்சுக் காட்டறான். எனக்கே மறந்துபோனது. கடைசில ஒரு அபாண்டம் சொல்லியிருக்கான். அது வலிக்குது. ஆனா என்மேல இவ்வளவு ஆசை வச்சவனுக்குத்தான் இவ்வளவு கோவம் வரும். அதனால மன்னிச்சுட்டேன். இவனைத் தேடிப் பிடிங்க. ஆறாம் பாகம் முதல்ல இவன் கைக்குத்தான் போகணும்."

பதிப்பாளர் தலையை ஆட்டினார். அப்படியே விட்டிருந்தால் அன்று தப்பித்திருப்பாள். எழுத்தாளர்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு கேட்கிறேன். இந்தக் கை விஷயம். போன கை எப்படித் திரும்ப வந்துச்சுன்னு யாரோ ஒரு வாசகன் கண்ணுக்குத் தெரியுது. நீங்க எழுத்தெண்ணிப் படிக்கிறீங்களாமே, உங்க கண்ணுல எப்படிப் படாம போச்சு?"

"பட்டுச்சு சார்."

"என்ன?"

"நானூத்திப் பன்னண்டாம் பக்கம். பென்சில்ல குறிச்சு அனுப்பினேன். மந்திர உலகத்துல கை முளைக்கக் கூடாதான்னு கேட்டீங்க."

"நானா?" அவர் பதிப்பாளரைப் பார்த்தார். பதிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனே" என்றார் எழுத்தாளர். பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"அறுபத்து மூணு குறிப்பு சார். அதுல முக்கியமானதெல்லாம்தான் உங்க கையில இருக்கிற இந்தப் பத்துப் பத்தியும்."

"போதும், விடுங்க" என்றார் பதிப்பாளர் அவசரமாக.

"துடுப்பு நான்தான் சார்."

எழுத்தாளர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் போலத்தான் இருந்தது. அது நிலைக்கவில்லை.

"எங்க ஆளா? என் புத்தகத்துக்கு மெய்ப்பு பார்த்துட்டு, வெளியில போய் முகமூடி போட்டுக்கிட்டு என்னைக் குத்தினியா?" 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவருக்கே தெரிந்திருக்காது. "வாசகன்னு நினைச்சேன். ரெண்டு வாரமா இதை வச்சுக்கிட்டுத் தவிச்சேன்."

"எழுதினதுல ஒரு வார்த்தையும் மாறலையே சார். பத்து நிமிஷம் முன்னாடி அது நியாயமா இருந்துச்சு."

"பதினொண்ணாவது பத்தியும் நியாயமா?"

வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்த மனைவிதான் பேசினார்.

"அந்த நூறு பக்கமும் ஆஸ்பத்திரி வராண்டாவுல எழுதினது. நான் உள்ள இருந்தேன். பிழைக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. கதை எப்படி முடியுதுன்னு தெரியாம போக எனக்கு இஷ்டமில்ல, எழுதி எழுதிக் கொண்டுவந்து படிச்சுக் காட்டுங்கன்னு நான்தான் கேட்டேன். ஆள் வச்சு எழுதலை. அவசர அவசரமா எழுதினார். அவ்வளவுதான்."

அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"தெரியாததை எழுதக் கூடாதில்லையா" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை.

எழுத்தாளர் அந்தப் பதினொரு பத்தியையும் எடுத்து, வயிற்றெரிச்சல் என்று அவள் பிரித்து வைத்திருந்த கட்டின்மேல் வைத்தார். மெதுவாக, ஓரம் சரிபார்த்து வைத்தார். "இவங்க இனிமே என் புத்தகத்தைத் தொடக் கூடாது" என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

திரும்பும்போது பதிப்பாளர்தான் காரை ஓட்டினார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது, "நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு துணிப்பையும் இரண்டு அகராதியும் தேறின. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ சொன்னது சரிதான்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசிப் பத்தியைத் தவிர" என்றார். அன்றைக்கு அவர்மேல் வந்த எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் அச்சு வந்தது. ஒரு மத்தியானம் முழுக்கக் கடையில் நின்றபடியே புரட்டினாள். ஓடக்காரி ஒரு கையாலும் பல்லாலும் கயிற்றை முடிந்தாள். படை ஆறு நாள் நடந்தது. தூதனின் ஒற்றை வரி போய், ஓடக்காரியின் சாவு நாலு பக்கம் வந்திருந்தது, நன்றாகவே வந்திருந்தது. அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று அவள் எழுதிய மாதிரியே திருத்தப்பட்டிருந்தது. 'என்மேல் உண்மையான அக்கறை கொண்ட வாசகர்களுக்கு' என்று முன்னுரையில் நன்றி இருந்தது. கடைசி நூறு பக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் அளவும் எச்சரிக்கையும் சரியா என்று பார்க்கிற வேலை. அங்கே அவள் குறித்தால் உடனே திருத்துவார்கள்; ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எழுத்தாளரின் மனைவி.

"ஆறாம் பாகம் எழுதிட்டிருக்கார். பாதி முடிஞ்சாச்சு" என்றார். கொஞ்சம் தயங்கினார். "நல்லா இல்ல. எனக்குத் தெரியுது, எங்கே தப்புன்னு சொல்லத் தெரியல. உங்களுக்குத் தெரியும். நான் அனுப்பறேன், படிச்சுக் குறிச்சுத் தர்றீங்களா? நானா சொல்ற மாதிரி சொல்லிடறேன். உங்க பேரு வராது."

உலகத்தில் எல்லாருக்கும் முன்னால் ஆறாம் பாகத்தைப் படிக்கலாம். அந்த ஆசை வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அஞ்சாம் பாகத்து முடிவு நல்லா இல்லைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். கட்டில்ல படுத்துக்கிட்டு ரொம்ப நல்லாயிருக்குன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

"அப்போ இதையும் நீங்களே சொல்லிடுங்க. எங்கேன்னு தெரியாட்டியும் பரவாயில்ல, நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் சொன்னா தாங்க மாட்டார்ம்மா."

"நான் சொன்னதையும் தாங்கலையே." எவ்வளவு கசப்பாக வந்ததென்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. "என் குறிப்பு நாப்பத்தொண்ணு போய்ச் சேர்ந்தாச்சு. அதுக்கே பேரு இல்ல. இனிமே என்னால முடியாது."

"சரி" என்றார் அந்த அம்மா, வைத்துவிட்டார்.

அவள் மேசைக்குத் திரும்பி, 'சாப்பாட்டுக்குப் பின்' என்பது 'சாப்பாட்டுக்கு முன்' என்று அச்சாகியிருந்த தாளைத் திருத்தினாள். அடுத்த தாளை எடுத்தபோதுதான், அந்த அம்மாவிடம் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது. எண் போனில் இருந்தது. சாயங்காலம் வரை அதை இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள். கூப்பிடவில்லை.