பல் வைத்த கத்தி

பசியாவரத்து மீனவக் குடும்பங்களுக்கு மடக்குக் கத்தி கொடுக்க வந்த அதிகாரிகள், ஆண்களுக்கு ரம்பம்போல் பல் வைத்ததும் பெண்களுக்குப் பல் இல்லாததும் தந்தார்கள். எப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் ஏரியில் இறங்கி நண்டு வலை இழுப்பவள் அவள். அவள் கணவன் செல்லையா பழவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன்.

"எனக்கும் பல்லு வச்சது குடுங்க சார்."

"மீன் நறுக்க இதாம்மா சௌகரியம்," என்றார் கொடுத்தவர்.

"மீன் நறுக்க ஊட்ல கத்தி கீது. போன மாசம் நைலான் கயிறு கால்ல சுத்திக்கிச்சு. பல்லு இல்லாத கத்தி ஈரக் கயித்துல வழுக்கினே போச்சு. பொம்பள காலுன்னு கயிறு வுட்டுடுமா?"

"பட்டியல்ல அப்படித்தாம்மா இருக்கு."

பக்கத்தில் நின்ற செல்லையா தனக்குக் கிடைத்த கத்தியை அவளிடம் நீட்டினான். அதை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"பட்டியல்லயும் மாத்தி எழுதுங்க," என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.