கேமராவைத் திருப்புவது தொடர்பாக

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். விடியற்காலைத் தூறல் விட்டிருந்தது. வானம் மட்டும் இன்னும் வெளுக்கவில்லை. மலேசியாவில் அலோர் காஜா பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், மூன்றாவது வரிசையின் கடைசிக்கு முந்திய வீட்டில், அஜீசா கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து போர்ச்சில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். எதிரே விளக்குக் கம்பத்தில் இருந்த கேமரா அவரைப் பார்த்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருடைய கணவர் நைனா முகம்மது, பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர், அக்டோபர் நடுவில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்றிலிருந்து அஜீசா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, அவசியமின்றி வெளியே போகக் கூடாது. இதில் அவருக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. விதியை விதியாகவே ஏற்றுக்கொள்ளும் இயல்பினர் அவர். ஆனால் போர்ச் வீட்டைச் சேர்ந்ததுதான் என்பதும் அவருக்குத் தெரியும். விடியற்காலை பஜ்ருத் தொழுகை முடிந்ததும் அங்கே உட்கார்ந்து ஒரு குவளை காப்பி குடிப்பது ஒன்றுதான் அந்த நாட்களில் அவருக்கு மூச்சு விட்ட நேரம்.

அந்த நேரத்தைக் கெடுத்தவர் எதிர்வீட்டு மாரியம்மா. அதுவும் அன்பினால் கெடுத்தார். ஒரு நாள் கைப்பேசியில் அவருடைய குரல்பதிவு வந்தது: "அஜீசாக்கா, நேத்து கத்தரிப்பூ கலர்ல ஒரு துணி காயப்போட்டீங்களே, எங்க வாங்குனது? பினாங்கா? வெயில்ல போடாதீங்கலா, சாயம் போயிரும்."

துணி மகள் நூர் ஹிதாயாவுடையது. போர்ச்சின் உட்கொடியில் காய்ந்தது; தெருவில் நடப்பவருக்குத் தெரியாது. மாரியம்மா அதைக் கைப்பேசியில் பார்த்திருந்தார். 'பாதுகாப்பான குடியிருப்புத் திட்டம்' என்ற பெயரில் வைக்கப்பட்ட அந்தக் கேமராவை வரிசையிலுள்ள எந்த வீட்டாரும் எந்நேரமும் தத்தம் கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். மாரியம்மாவின் வீடு கேமராவின் முதுகுப்பக்கம் இருந்தது. ஆகவே கேமராவைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது.

மறுநாளே கோலா சுங்கை பாருவிலிருந்து நாத்தனார் அழைத்தார். "ஏன் மதினி, அண்ணன் மௌத்தாயி மண்ணு காயல. அதுக்குள்ள கலர் துணியாமே?"

"ஹிதாயா துணி."

"எனக்குத் தெரியும் மதினி. ஊருக்குத் தெரியணுமே."

அன்றுமுதல் அஜீசா போர்ச்சுக்கு வரவில்லை. கொடி பின்கட்டுக்கு இடம் மாறியது. நாற்காலி மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது.

திங்கட்கிழமை கதவைச் சாத்திய பிறகு, மலாக்காவுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னார்: "அந்தக் கேமராவைத் திருப்பச் சொல்லணும். எழுதிப் போடு."

ஹிதாயா முதலில் வரிசையின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தாள். கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. தப்பு செய்யாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கேமரா வந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிள்கூடக் களவு போகவில்லை என்றார் இன்னொருவர்; அதற்கு முன்பும் போகவில்லை என்று யாரோ நினைவூட்டினார். கைப்பேசியே நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது, கம்பத்தில் இருப்பதைச் சொல்லி என்ன பயன் என்று மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். திட்டத்துக்கு மனு போட்டபோது முதல் கையெழுத்து நைனா பாய் போட்டதுதானே என்று ஒருவர் எழுதினார். அது உண்மை. அதைப் படித்துக் காட்டியபோது அஜீசா, "அவங்க கள்ளனைப் பார்க்கத்தான் கையெழுத்துப் போட்டாங்க, என்னைப் பார்க்க இல்ல" என்றார்.

திட்டத்தின் செயலியில் வீட்டுக்கு உரியவர் மட்டுமே புகார் கொடுக்க முடியும். வீடு இன்னும் நைனா முகம்மது பெயரில் இருந்தது. ஹிதாயா தந்தையின் கைப்பேசியைத் திறந்து, தந்தையின் பெயரிலேயே புகாரை அனுப்பினாள். 'மதிப்பிற்குரிய நைனா முகம்மது, தங்கள் புகார் கிடைத்தது' என்று உடனே பதில் வந்தது. அடுத்த வாரம் திட்ட அலுவலகத்திலிருந்து திலீபன் என்ற இளம் அதிகாரி அழைத்தான்.

"நைனா முகம்மது ஐயாங்களா?"

"அவங்க மக பேசுறேன்."

"ஐயாகிட்ட குடுங்க சிஸ்டர். புகார் கொடுத்தவங்களே உறுதிப்படுத்தணும்."

"வாப்பா மௌத்தாயிட்டாங்க. இறந்துட்டாங்க."

"சாரி சிஸ்டர். எப்போ?"

"போன மாசம்."

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. "புகார் போன வாரம் வந்துருக்கே."

"நான்தான் போட்டேன். வேற பேர்ல போட உங்க ஆப் விடல."

"அப்ப இத மூடணும் சிஸ்டர். அம்மா பேர்ல புதுசாப் போடுங்க. ஈசிதான். அவங்க கேமரா முன்னால முகத்தக் காட்டி, ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டணும். உயிரோட இருக்காங்கன்னு சிஸ்டம் தெரிஞ்சுக்கும்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அஜீசா நிமிர்ந்தார். "என்னப் பார்க்காதேன்னு சொல்றதுக்கு நான் அதுகிட்ட கண்ணடிக்கணுமா?"

திலீபன் சிரிப்பை அடக்கியது தெளிவாகக் கேட்டது. "வேணாம் ஆண்ட்டி. நானே நேர்ல வந்து அடையாள அட்டையப் பார்த்து எழுதிக்கிறேன். அதுக்கும் விதி இருக்கு. யாரும் கேக்கறதில்ல, அதான் நாங்க சொல்றதில்ல."

அவன் சொன்னபடி வந்தான். தெருவாசல் படலைக்கு வெளியே நின்றான். அஜீசா கதவுக்குப் பின்னால் நின்றார். அடையாள அட்டையை ஹிதாயா இருவருக்கும் இடையே கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். கேள்விகள் முடிவதற்குள் மாரியம்மாவின் குரல்பதிவு கைப்பேசியில் வந்துவிட்டது: "ஹிதாயா, யாரும்மா அந்தத் தம்பி? நல்லாத்தான் இருக்கான். பேசி முடிச்சாச்சா?"

ஹிதாயா அதைத் திலீபனுக்கும் கேட்கும்படி ஒருமுறை ஓடவிட்டாள். அவன் காது சிவந்தது. "இதையும் புகார்ல சேர்த்துக்கிறேன்," என்று எழுதிக்கொண்டான். போகுமுன் ஒன்று சொன்னான். கேமராவின் பார்வையில் இருப்பவை இரண்டு போர்ச்சுகள்: அஜீசாவுடையது ஒன்று, அடுத்த வீட்டு பிரிஜிட்டுடையது இன்னொன்று. அதைத் தெருமுனைப் பக்கம் திருப்ப வேண்டுமானால் இரு வீட்டாரும் சம்மதிக்க வேண்டும்.

அஜீசாவுக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. ஈஸ்டருக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தட்டு மாறிப் பழகிய வீடுகள் அவை. அன்று பிற்பகல் பிரிஜிட் தாமாகவே பின்கதவு வழியாக வந்தார். உட்காரவில்லை.

"அஜீசா, கோவிச்சுக்காத. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன் பிரிஜிட்?"

"அவருக்காகத்தான்."

அவருடைய கணவர் ஜூலியஸ் ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளாக நினைவு பிசகிக்கொண்டு வந்தது. மனைவியைச் சில நாள் அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

"செப்டம்பர்ல பஸ் நிலையத்துல போயி நின்னாரே, ஞாபகம் இருக்கா? நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்? போன்ல பார்த்தேன். வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு வலதுபக்கம் திரும்புறாரு. அது இல்லேன்னா அவரு லோரிக்கு அடியில போயிருப்பாரு. சமைக்கிறப்போ ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு போன்ல. நான் உன் வீட்டப் பார்க்கல அஜீசா. சத்தியமா என் கேட்டத்தான் பார்க்குறேன்."

"பூட்டுப் போடக் கூடாதா?"

"போட்டுப் பார்த்தேன். ஆட்டுறாரு, கத்துறாரு. கையில ரத்தம். என்ன ஆஸ்பத்திரி நர்ஸுன்னு நெனச்சு, 'மிஸ்ஸி, என்ன ஏன் அடைச்சு வச்சிருக்கே'ன்னு கேக்குறாரு." பிரிஜிட் மூக்கைச் சிந்தினார். "உனக்கு நாலு மாசம். எனக்கு எவ்வளவு காலம்னு டாக்டருக்கே தெரியாது."

அவர் போன பிறகு அஜீசா நெடுநேரம் அரிசியில் கல் பொறுக்கினார். அந்த அரிசியில் கல் கிடையாது. பிரிஜிட் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். தமக்கு வேண்டியது அந்த நாற்காலியும் காற்றும்; அவருக்கு வேண்டியது ஒரு மனிதனின் உயிர். இப்படி எடை போட்டால் முடிவு தெரிந்ததுதான். ஆனால் ஓர் உயிரைக் காக்க வரிசை முழுவதும் தம் போர்ச்சைப் பார்க்க வேண்டுமா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

ஹிதாயா திலீபனை அழைத்துக் கேட்டாள். "அடுத்த வீட்டு ஆண்ட்டிக்கு மட்டும் தெரியற மாதிரி வைங்களேன். மத்தவங்களுக்கு மூடிருங்க."

"நல்ல யோசன சிஸ்டர். ஆனா சிஸ்டத்துல ரெண்டு பட்டன்தான். எல்லாருக்கும், இல்லன்னா யாருக்கும் இல்ல."

"யாரு இப்படிச் செஞ்சது?"

"குத்தகைக்காரங்க. அவங்களக் கேட்டா நாங்க கேட்டபடிதான் செஞ்சாங்களாம். எங்கள்ல யாரு கேட்டாங்கன்னு இங்க யாருக்கும் தெரியல."

அன்றிரவு உணவின்போது அஜீசா கேட்டார்: "ஆளு வெளிய போறாருன்னு தெரிஞ்சாப் போதும். பார்க்கணும்னு என்ன அவசியம்?"

ஹிதாயா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். நைனா முகம்மதின் கடையில், வாசல் நிலையில், ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி இருந்தது. ஆள் நடந்தால் மணியடித்து, ஒரு பெண் குரலில் 'செலாமாட் டாத்தாங்' என்று வரவேற்கும். கடை இப்போது மூடிக்கிடந்தது. மறுநாள் மாலை அவள் அதைக் கழற்றிக்கொண்டு வந்து பிரிஜிட் வீட்டுப் படலைத் தூணில் பொருத்தினாள். அதன் ஒலிப்பெட்டிகளைச் சமையலறையில் ஒன்றும் படலையருகில் ஒன்றுமாக வைத்தாள்.

சோதனைக்கு யாரையும் நடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜூலியஸ் வெள்ளைச் சட்டையில் வந்தார், படலையைத் திறந்தார். மணி அடித்தது. 'செலாமாட் டாத்தாங்!' அவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே நடந்துகொண்டே குரல் கொடுத்தார்: "பிரிஜிட்! யாரோ விருந்தாளி வந்திருக்காங்க, காப்பித் தண்ணி கலக்கு!"

பிரிஜிட் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். கணவர் தம் பெயரைச் சொல்லிப் பல நாளாகியிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கதவிடுக்கில் நின்ற அஜீசாவால் நிச்சயிக்க முடியவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் பிரிஜிட். அந்த வாரத்தில் இரண்டு முறை ஜூலியஸ் மணியைப் பொருட்படுத்தாமல் நடந்தார். இரண்டு முறையும் தெருமுனைக்கு முன்பே பிரிஜிட் பிடித்துவிட்டார். வார முடிவில் பின்கதவு வழியாக வந்து, இம்முறை உட்கார்ந்தார்.

"தெருமுனைய அது பார்க்கும்ல?"

"அதத்தான் பார்க்கும்."

"அப்போ குடு." கையெழுத்திட்டு விட்டுப் பேனாவை மூடினார். "இது வேல செய்யலேன்னா மறுபடியும் திருப்பச் சொல்லுவேன் அஜீசா. இப்பவே சொல்லிட்டேன்."

"சொல்லு," என்றார் அஜீசா. "அப்ப நான் சண்டைக்கு வருவேன். நானும் இப்பவே சொல்லிட்டேன்."

பிறகு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்தது. கையெழுத்திட வேண்டியவர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். திரும்பியதும் விடுப்பில் போனார். குடியிருப்போரின் தனியுரிமை குறித்த கருத்தரங்கு அது என்று திலீபன் எந்த உணர்ச்சியும் காட்டாமல் தெரிவித்தான். அஜீசா வாரந்தோறும் மகளை அழைக்கச் சொன்னார். எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்போது வரும் என்ற மூன்று கேள்விகளையும் மாற்றாமல் கேட்கச் சொன்னார். திலீபனே ஒருநாள், "நீங்க கேக்குறதாலதான் சிஸ்டர் அது நகருது, கேக்காத ஃபைல் எல்லாம் நான் சேர்ந்த நாள்லருந்து அங்கயே இருக்கு," என்றான்.

ஜனவரி கடைசியில், சீனப் பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நல்ல வெயில். ஹிதாயா வேலைக்குப் போயிருந்தாள். இத்தா முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. கேமரா இருந்த இடத்தில் இருந்தபடி இரு போர்ச்சுகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏணியோடு ஆள் வருவது உத்தரவுக் கடிதம் கொடுத்த பிறகுதான்.

"ஆண்ட்டி, வந்துருச்சு! கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு," என்று படலைக்கு வெளியிலிருந்து கூவினான். "வெளிய வர வேணாம், தபால் பெட்டியில போட்டுர்றேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து அஜீசா கேட்டார்: "பெட்டியில போட்டா எனக்குக் கெடச்சுதுன்னு யாரு சொல்லுவா?"

"அது... விதிப்படி கையில குடுத்துக் கையெழுத்து வாங்கணும். ஆனா நீங்க இருக்கிற நெலமையில..."

"தேவைக்கு வெளிய வரலாம் தம்பி. இது தேவை."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவை முழுவதும் திறந்தார். நாற்காலியைக் கடந்து, வெயில் விழுந்த தரையில் நடந்து, படலைக்கு வந்தார். உள்ளே கைப்பேசி ஒருமுறை ஒலித்தது, மறுபடியும் ஒலித்தது. மாரியம்மாவாக இருக்கும். அஜீசா திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவை ஒருமுறை நேராகப் பார்த்தார், கண் சிமிட்டவில்லை. திலீபன் நீட்டிய ஏட்டில் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையெழுத்திட்டார். அவன் உறையை இரு கைகளாலும் பிடித்துப் படலைக்கு மேலாக அவரிடம் கொடுத்தான்.