செத்தவ பெட்டி

நான் ஞானஸ்நானம் வாங்கின பாளையங்கோட்டைக் கோவில் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் இடதுகை விரல்கள் மரத்துப் போகட்டும். இரண்டு விரல் ஏற்கெனவே மரத்துவிட்டது. அது சர்க்கரையின் வேலை.

என் பெயர் பாக்கியசீலன். முப்பத்தெட்டு வருஷம் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தேன். கிதார் போனால் வேறு கிதார். அதைப் பேச வைக்கிற ஆம்ப்ளிஃபயர்தான் முக்கியம். நாங்கள் பெட்டி என்போம். என்னிடம் மூன்று இருந்தது.

போன தை மாதம் மகன் வில்சன் என் வீட்டை விற்றான். கே.டி.சி. நகரில் அவன் ஃப்ளாட்டில் எனக்கு ஒரு அறை.

"கட்டிலும் ஒரு பெட்டியுந்தான் கொள்ளும்பா. ஒண்ண எடுத்துக்கிடுங்க, சாகுற வரைக்கும் அதுதான். மத்தது பழைய இரும்புக்கு."

'சாகுற வரைக்கும்' என்பதை மட்டும் கொஞ்சம் ஆசையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

முதல் பெட்டி மேலப்பாளையம் அசன் மைதீன் கையால் செய்தது. உள்ளே பல்பு மாதிரி எரியும் அதன் வால்வு சூட்டில் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்துக் குடித்திருக்கிறோம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் கிதாரின் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். சுற்றி நாலு வயல் நெல்லும் அறுக்காமலே உதிர்ந்தது. பிறகு இடி விழுந்து பெட்டி செத்தது. பன்னிரண்டு வருஷமாக மூச்சில்லை.

இரண்டாவது, தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. ஏரலில் அதைப் போட்டபோது ஆற்று மீனெல்லாம் கரையேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. கைதட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, என் மனைவி ஜாய்சி வளையலைக் கழற்றிக் கொடுத்து வாங்கின பெட்டி. "சத்தத்தக் குறைங்க, பக்கத்து வீட்ல மனுசங்க இருக்காங்க" என்று வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, அந்தக் குரல் ஸ்பீக்கர் அட்டையில் ஊறிவிட்டது. அவள் போன பிறகு சுவிட்சைப் போட்டால் முதலில் ஒரு உறுமல், அடுத்தது அவள். தினமும் சாயங்காலம் திட்டு வாங்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

"அத்தை குரலா?" என்றாள் மருமகள் விக்டோரியா. வில்சனைப் பார்த்தாள். வில்சன் தரையைப் பார்த்தான்.

எதை வைத்துக்கொள்வது என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழைய இரும்புக் கடை இசக்கிக்குப் போன் போட்டேன்.

"ஏலே இசக்கி, செத்தவ பெட்டிய மட்டும் விட்டுட்டு மத்த ரெண்டையும் எடுத்துக்கிடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வீட்டுச் சாவி எதுத்த வீட்ல இருக்கு."

"சரி அண்ணாச்சி."

திரும்பி வந்தால், காலி வீட்டில் அசன் மைதீன் பெட்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து இசக்கி கடைக்கே போனேன்.

"எங்கலே அவ பெட்டி?"

"எவ பெட்டி? செத்த பெட்டிய விட்ருன்னுதான சொன்னிய? நான் ஒவ்வொண்ணா சுவிட்ச போட்டுப் பாத்து, செத்தத விட்டுட்டு வந்துட்டேன்."

"செத்த-வ பெட்டிலே! வ! வ!"

"ஒரு எழுத்துக்கா இந்தக் கத்து கத்துதிய? ரெண்டையும் பிரிச்சுத் தாமிரத்த உருவியாச்சே."

"சுவிட்ச போட்டப்ப ஏதாவது பேசிச்சா?"

"உர்ருன்னுச்சு. பெட்டி வேற என்னத்தப் பேசும்?"

"பிரிக்கும்போது?"

"சுத்தியல் சத்தந்தான் அண்ணாச்சி. இருங்க, டீ சொல்லுதேன்."

குடிக்கவில்லை. வில்சனிடம் சொன்னேன். "ஒண்ணுதான சொன்னேன். ஒண்ணு இருக்குல்லா?" என்று போனை வைத்தான்.

இப்போது செத்த பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விக்டோரியா அதன்மேல் துணி விரித்து மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறாள். சாயங்காலமானால் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். ஒரு சத்தமும் வராது.

ஜாய்சிக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது.