அக்கா பேரில் ஆறு வருஷம்

இயலாமைக் கொடுப்பனவு கேட்டுப் பதுளை ஆபீசுக்கு இருதயம்மா போனது அது மூன்றாவது தடவை. மழையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு வடிகால் கானுக்குள் சறுக்கி விழுந்து, முதுகெலும்பு உடைந்து, இடது கால் மரத்துப்போய் ஒன்றரை வருஷமாகிறது. இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் நிலுக்ஷியின் தோளைப் பிடித்துத்தான் படியேறினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நளீரா கோப்பைப் புரட்டினாள்.

"டாக்டர் கடிதம் சரிம்மா. வேலை செஞ்ச காலந்தான் பத்தல. உங்க பேருல நாலு வருஷந்தான் இருக்கு."

"இல்லீங்க மிஸ். பத்து வருஷம் கொழுந்தெடுத்திருக்கேன். மொத ஆறு வருஷம் எங்க அக்கா பேருல."

அக்கா பிலோமினாவுக்குத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தது. இருதயம்மாவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கென்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பியபோது அக்கா சொன்னாள்: "எம் பேர வெட்ட விட்டுறாத. வந்ததும் நான் மலைக்குப் போகணும்."

கங்காணியிடம் கெஞ்சி அந்தப் பேரிலேயே தங்கச்சி வேலைக்கு இறங்கினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி "பிலோமினா" என்று கூப்பிட, "இருக்கேங்க" என்பாள். அந்த ஒரு நொடி, அக்கா பின்வரிசையில் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு நிற்பது போலவே இருக்கும். முதல் வருஷம் அடிக்கடி ஃபோன் வந்தது. மறுவருஷம் இரண்டே தடவை. அப்புறம் அந்த நம்பரே செத்துப்போனது. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனும் கடையை மூடிவிட்டுப் போயிருந்தான். பின்னால் தனக்கென்று பேர் பதிந்தபோதும், அக்கா பேரை எடுக்க வேண்டாம் என்று இருதயம்மா கேட்டுக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நளீரா சொன்னாள்: "நீங்கதான் அந்தப் பேருல வேலை செஞ்சீங்கன்னு தோட்டத்துல கடிதம் தரணும். அக்கா எந்தத் திகதியிலேருந்து வேலைக்கு வரலன்னு நீங்க சத்தியக் கடதாசி குடுக்கணும். மேல அனுப்பிப் பாப்போம்."

"அப்ப அக்கா பேரு?"

நளீரா குரலைத் தாழ்த்தினாள். "எடுத்துருவாங்கம்மா. வராதவங்க பேர வச்சிருக்க ஏலாது."

இரண்டு வாரம் இருதயம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் நிலுக்ஷிதான் பொறுக்காமல் கேட்டாள். "பெரியம்மா வந்தா நாம சோறு போட மாட்டோமா? பேரு இருந்தாத்தான் வருவாங்களாம்மா?"

இருதயம்மா சுவரைப் பிடித்து எழுந்து, நல்ல சேலையை எடுத்துத் தரச் சொன்னாள்.

பண்டாரவளையில் சமாதான நீதவான் சத்தியக் கடதாசியை எழுதிக்கொண்டே கேட்டார். "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

யார் கேட்டாலும் குவைத்தில் என்றே சொல்லிப் பழகியவள், அவர் பேனாவைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க" என்றாள். கையெழுத்தைப் போட்டாள்.

நாலு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. ஆறு வருஷத்தையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பத்தை ஏற்றிருந்தார்கள். நிலுக்ஷி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பக்கத்துக் காம்பிரா வீட்டு நல்லம்மா வந்து கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள்.

இருதயம்மா வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். பதுளை பஸ் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். பஸ் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் உட்கார்ந்து சொல்ல அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது.